பழைய சிஸ்டம் திறக்கவில்லை

ஜூன் 3

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றினால், இதை ஒரு தடவை படித்துவிட்டுக் கிழி. கோர்ட் வாசலில் "இனிமே என் முகத்துல முழிக்காதீங்க" என்று நீ சொன்னதை இருபது மாதமாகக் காப்பாற்றி வந்திருக்கிறேன். இப்போதும் ஜெயில் வாசலுக்கு வந்து நிற்கவில்லை. கடிதத்துக்கு முகம் கிடையாது.

விஷயம் உன் அண்ணனைப் பற்றியது. நீ உள்ளே போகும்போது அவருக்கு வலது கையில் மூன்று விரல் அசைந்தது. இப்போது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். நீ செய்து கொடுத்த பேச்சு ப்ரோக்ராமில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும்போது, வேண்டிய எழுத்தில் அந்த விரலால் பொத்தானை அழுத்துகிறார். முன்பெல்லாம் நான் ஒரு சட்டை இஸ்திரி போட்டு முடிப்பதற்குள் ஒரு வாக்கியம் சொல்லிவிடுவார். இப்போது ஒரு கூடைத் துணி முடிந்தாலும் அரை வாக்கியம்தான். இந்த விரலும் இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிடும் என்கிறார் நரம்பு டாக்டர்.

ஆஸ்பத்திரியில் கண்ணைப் பின்தொடர்கிற கேமரா ஒன்று கொடுத்திருக்கிறார்கள். விரல் வேண்டாம், எழுத்தைக் கண்ணால் பார்த்தால் போதுமாம். விரல் இருக்கும்போதே அதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். ஆனால் கேமரா புது சிஸ்டத்தில்தான் ஓடும். உன் ப்ரோக்ராம் பழைய சிஸ்டத்தில்தான் ஓடும். கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்று பேரும் ஒரே பாட்டு: "பழசை அழிச்சிட்டுப் புதுசு போடுங்கம்மா. எதுக்கு இந்தத் தலைவலி?"

பழசை அழித்தால் அவர் குரல் போய்விடும். பஸ் ஸ்டாண்டு மைக்கில் பத்தொன்பது வருஷம் ஒலித்த குரல். நோய் தொண்டைக்கு ஏறுவதற்குள் நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து, சொல் சொல்லாகப் பதிவு செய்த குரல். இன்றைக்கும் அவர் "தண்ணி" என்று அழுத்தினால் அந்தக் குரல்தான் தண்ணி கேட்கிறது. பேசாமல் படுத்திருக்கிற மனுஷனோடு அந்தக் குரல் இருப்பதால்தான் எனக்கு வீடு வீடாக இருக்கிறது.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டமும் போடலாம், ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று அதுவே கேட்கும் என்று எங்கள் சலவைக்கூடத்தில் ஒருத்தி சொன்னாள். உண்மையா? உண்மையென்றால் எப்படி என்று எழுது. செய்யப்போவது நான். எனக்கு ஆன் செய்யத் தெரியும், ஆஃப் செய்யத் தெரியும். அதை மனதில் வைத்து எழுது.

அண்ணி

*

ஜூன் 14

அண்ணிக்கு,

கிழிக்கல. இங்க ஒரு தபால் வர்றதே பெரிய விஷயம். கிழிக்கிற அளவுக்கு என்கிட்ட வசதி இல்ல.

ஆனா ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு வக்கீல் உங்ககிட்ட கேட்டது ஒரே ஒரு வரி. "சாயங்காலம் ஆறு மணியிலேர்ந்து என் கொழுந்தன் வீட்டுலதான் இருந்தான்." அவ்வளவுதான். பதினாறு வயசுலேர்ந்து நீங்க போட்ட சோத்துல வளர்ந்தவன் நான். அந்த ஒரு வரி உங்க வாயில வரல. "எட்டரைக்கு வந்தான், வண்டியோட முன்விளக்கு உடைஞ்சிருந்தது, கை நடுங்குச்சு"ன்னு ஜட்ஜ் கேட்காததையும் சேர்த்து ஒப்பிச்சீங்க. நாலு வருஷம் போட்டாங்க. இப்ப உங்களுக்கு நான் ஒரு வரி எழுதித் தரணும்.

ரெண்டு சிஸ்டம் போடலாம். உண்மைதான். ஆனா அது உங்களால ஆகாது. ஒரு இடத்துல தப்பா அழுத்தினா எல்லாம் போயிடும், திரும்ப வராது. நல்ல கடையாப் பார்த்துக் கொடுங்க. சந்து முனையில இருக்கிற சதுரமூஞ்சிக்காரன்கிட்ட மட்டும் கொடுக்காதீங்க. அவன்கிட்ட எதைக் கொண்டுபோனாலும் முதல்ல ஃபார்மட் அடிப்பான். அவனுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான்.

யார்கிட்ட கொடுத்தாலும் அதுக்கு முன்னாடி, 'குரல்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை வெளி ஹார்டு டிஸ்க்குல காப்பி எடுத்து வீட்டுலயே வெச்சுக்கோங்க. காப்பின்னா அது வெறும் சொற்கள்தான், ப்ரோக்ராம் இல்லாம சேர்ந்து பேசாது. இருந்தாலும் எடுத்து வைங்க.

அண்ணன் எப்படி இருக்கார்னு நான் கேட்கல.

*

ஜூன் 22

தம்பிக்கு,

ஜட்ஜ் கேட்டார். நீ அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதை விடு. நீ சொன்ன ஃபோல்டரைக் காப்பி எடுத்துவிட்டேன். ஆயிரத்து நூற்று நாற்பது சின்னச் சின்னப் பெட்டி. எடுக்கும்போது கை தவறி ஒன்றைத் திறந்துவிட்டேன். "பரவாயில்லை" என்றார் உன் அண்ணன், பக்கத்து அறையில் படுத்துக்கொண்டே, ஐந்து வருஷத்துக்கு முந்தைய தொண்டையில்.

நல்ல கடை என்றாயே, அதையும் தேடிப் போனேன். "டேட்டா போனா நாங்க பொறுப்பில்லைன்னு எழுதிக் கொடுங்க" என்கிறார்கள். பொறுப்பில்லாதவனிடம் கொடுப்பதற்குப் பொறுப்புள்ள நானே கெடுத்துவிட்டுப் போகிறேன்.

உன்னிடமிருந்து கடிதம் வந்தது என்று அவரிடம் சொன்னேன். உடனே விரலைத் தூக்கினார். பொத்தானைக் கைக்கடியில் வைத்துவிட்டு, துணி துவைத்து, பிழிந்து, காயப்போட்டு வந்தேன். "திருப்புளி இளை" வரைக்கும் வந்திருந்தார். இத்தனை வயதுக்கு அப்புறமும் நீ அவருக்குத் திருப்புளிதான், ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் திரிந்து வீட்டில் ஒரு கடிகாரத்தைக்கூட முழுசாக விட்டுவைக்காத பயல். துணி உலரத் தொடங்கிய பிறகு வாக்கியம் முடிந்தது. "திருப்புளி இளைச்சுட்டானா?"

நீ கேட்கவில்லை. அவர் கேட்கிறார். என் மேல் உள்ள கோபத்தை என் கணக்கிலேயே வைத்துக்கொள். அந்த மனுஷனுக்காக எழுது. விரல் காத்திருக்காது.

அண்ணி

*

ஜூலை 1

அண்ணிக்கு,

இளைக்கலைன்னு சொல்லுங்க. இங்க தையல் பிரிவுல போட்டிருக்காங்க. நாள் பூரா உட்கார்ந்தே வேலை.

கீழ இருக்கிறதை நாலு தடவை படிங்க. அப்புறம் தொடுங்க.

ஹார்டு டிஸ்க்கை ஒரு வீடுன்னு நினைச்சுக்கோங்க. பழைய சிஸ்டம் முன் அறையில குடியிருக்கு. பின்னால நிறைய இடம் சும்மா கிடக்கு. நடுவுல ஒரு சுவர் எழுப்பி, சும்மா கிடக்கிற பாதியில புது ஆளைக் குடிவைக்கப் போறோம். ரெண்டு பேருக்கும் வாசல் ஒண்ணு. வாசல்ல ஒரு பலகை. கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தப் பலகை வந்து, யாரைப் பார்க்கணும்னு கேட்கும்.

சுவர் எழுப்புற வேலையைப் பழைய சிஸ்டத்துக்குள்ள இருந்துதான் செய்யணும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'னு தேடினா ஒரு நீளப் பட்டை வரும். பெரிய கட்டத்து மேல வலது பக்க பொத்தானை அழுத்தி 'ஷ்ரிங்க்'. எண்பதாயிரம்னு அடிங்க. அவசரப்பட்டு வேற எதையும் அழுத்திடாதீங்க. கறுப்புப் பட்டையோட ஒரு காலி இடம் பிறக்கும். அதுதான் புது அறை. அதைப் பார்த்ததும் ஒரு டீ குடிங்க, அன்னைக்கு அது போதும்.

மறுநாள் வெளி ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கி அலமாரியில வெச்சுப் பூட்டுங்க. இது முக்கியம். அப்புறம் ஆஸ்பத்திரியில கேமராவோட ஒரு பென் டிரைவ் கொடுத்திருப்பாங்க, புது சிஸ்டம் அதுலதான் இருக்கும். அதைச் சொருகிட்டு ஆன் பண்ணி, முதல் படம் வந்த உடனே எஃப் பன்னிரண்டைத் தட்டிக்கிட்டே இருங்க. பட்டியல்ல பென் டிரைவைத் தேர்ந்தெடுங்க. நடுவுல ஒரு கேள்வி வரும். 'அப்கிரேட்'டா, 'கஸ்டம்'மா? அப்கிரேடுன்னா பழைய ஆளை வெளிய தள்ளிட்டு அவன் கட்டில்ல புது ஆளைப் படுக்க வைக்கிறது. கஸ்டம்தான் நமக்கு. எந்த இடம்னு கேட்டா அந்தக் காலி இடத்தை மட்டும் தொடுங்க. 'ஃபார்மட்', 'டெலீட்' ரெண்டும் கண்ணுல பட்டா கையைக் கட்டிக்கோங்க.

யூபிஎஸ் பேட்டரி சரியா இருக்கான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க. பாதியில கரண்டு போகக்கூடாது.

ஏதாவது புரியலைன்னா அங்கேயே நிறுத்திட்டு எழுதுங்க. எனக்கு வாரத்துக்கு ஒரு கடிதம்தான், ரெண்டு பக்கம்தான். மீதி இடம் இல்ல.

*

ஜூலை 12

தம்பி,

போய்விட்டது.

நீ சொன்னபடிதான் செய்தேன். சுவர் எழுப்பினேன். டீ குடித்தேன். மறுநாள் கஸ்டம் அழுத்தினேன், காலி இடத்தைத் தொட்டேன். எண்பத்திரண்டு சதவீதம் என்று காட்டும்போது கரண்டு போனது. யூபிஎஸ் நாலு நிமிஷம் கீச்சிட்டுவிட்டு அடங்கிவிட்டது. முந்தின வாரம்தான் அதைச் சோதித்தேன், அப்போது நன்றாகத்தான் இருந்தது. கரண்டு வந்ததும் திரும்ப முதலிலிருந்து போட்டேன். முடிந்தது. ஆன் செய்தால் புது சிஸ்டம் மட்டும் நேராக வருகிறது. பலகையும் இல்லை, கேள்வியும் இல்லை. பத்துத் தடவை அணைத்துப் போட்டேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் 'டி' என்று ஒரு டிரைவ் இருக்கிறது. அதில் பழைய ஃபோல்டர்கள் எல்லாம் தெரிகின்றன. 'குரல்' கூட இருக்கிறது. உன் ப்ரோக்ராமின் படத்தை அழுத்தினால், இந்த சிஸ்டத்தில் இயங்காது என்று சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கிறது. ஆள் செத்தானா இருக்கிறானா என்றே எனக்குத் தெரியவில்லை.

கேமராவை ஆஸ்பத்திரிப் பெண் வந்து மாட்டிவிட்டுப் போனாள். அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. தலை கொஞ்சம் சாய்ந்தாலும் அது கண்ணைத் தவறவிடுகிறது. கண்ணில் நீர் நிறைந்தால் அதற்கு ஒன்றுமே தெரிவதில்லை. இரண்டு நாளாக நிறைந்துதான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அளவு வெட்டும் காகிதத்தின் பின்பக்கம் எழுத்துகளைப் பெரிதாக எழுதிக் கொடுத்தார்கள். நான் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போகிறேன், அவர் விரலைத் தூக்குகிறார். நான் பக்கத்தில் இருந்தால் அது நடக்கும். எட்டு மணிக்கு நான் வேலைக்குப் போனால் ஐந்து மணி வரை அவருக்கு வாய் இல்லை.

சீக்கிரம் எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணி

*

ஜூலை 22

தம்பி,

பத்து நாளாகிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தினமும் தபால்காரரை வாசலில் மறித்துக் கேட்கிறேன். இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததுமே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். பழிவாங்குகிறாயா? நீ அப்படிப்பட்டவன் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நடந்ததைக் கேள். நான் வேலைக்குப் போயிருந்தேன். அவர் தலை தலையணையிலிருந்து நழுவி, தாடை நெஞ்சில் அமுங்கிவிட்டது. முன்பு இப்படி ஏதாவது ஆனால் "அக்கா" என்று ஒரு அழுத்து அழுத்துவார். பஸ் ஸ்டாண்டுக் குரல் சுவரைத் தாண்டிப் போகும், தையல்காரம்மா ஓடிவருவார்கள். சனிக்கிழமை அந்தக் குரல் இல்லை. கேமரா அவர் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. தையல்காரம்மா வாங்கிப்போன குடையைத் திருப்பித் தர வந்தார்கள். குடைக்காக வந்தார்கள், தம்பி. வந்தபோது அவர் உதடு நீலமாக இருந்தது.

நாலு நாள் ஆஸ்பத்திரி. இப்போது மூக்கில் மாட்டுகிற மூச்சு மெஷினோடு வீட்டுக்கு வந்திருக்கிறோம். நான் வேலைக்குப் போகவில்லை. எத்தனை நாள் விடுவார்களோ தெரியாது.

நீ எழுதாததற்குக் காரணம் கோர்ட்டில் நான் சொன்னதுதான் என்றால், இதையும் தெரிந்துகொள். நான் சாகும்வரை இதைச் சொல்வதாக இருக்கவில்லை. ஆனால் இனி மறைத்து யாருக்கு என்ன லாபம்?

வக்கீல் வந்து போன அன்று, அவர் கேட்ட அந்த ஒரு வரியைச் சொல்வதாகத்தான் நான் முடிவு செய்திருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். "ஆறு மணியிலேர்ந்து வீட்டுலதான் இருந்தான்." உன் அண்ணன் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பொத்தானை எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அப்போது மூன்று விரல் இருந்த காலம், வேகமாகவே அழுத்தினார். "சைக்கிளில் போனவருக்கும் வீடு இருந்தது. பொய் சொல்லாதே." நீ பதிவு செய்த குரலில்தான் சொன்னார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். மறுபடி அழுத்தினார். மூன்று தடவை.

சொல்லிவிட்டு அன்று முழுக்க அவர் எதுவும் சாப்பிடவில்லை. நீ கோர்ட் வாசலில் என்னைப் பேசியதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் சொன்னதை உன்னிடமும் சொல்லவில்லை. உனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவர் மேல் கோபம் வந்தால் உனக்குப் போக்கிடம் ஏது? அண்ணி மேல் கோபம் வந்தால் குடி முழுகிவிடாது என்று நினைத்தேன்.

இப்போது கோபப்படு, யார் மேல் வேண்டுமானாலும். ஆனால் எழுது.

அண்ணி

*

ஜூலை 31

அண்ணிக்கு,

நான் எழுதினேன். உங்க பன்னிரண்டாம் தேதி கடிதம் கிடைச்ச மறுநாளே எழுதினேன். அது வெளியே போகவே இல்ல. இங்க தபாலைப் படிச்சுப் பார்க்கிற அதிகாரி ஒருத்தர் இருக்கார். நான் தனித் தாள்ல எழுதியிருந்த கட்டளை வரியைப் பார்த்துட்டு, சங்கேத பாஷைன்னு நிறுத்தி வெச்சுட்டார். எனக்கு அது தெரியாது. நீங்கதான் பதில் போடலைன்னு நான் இங்க முட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. "புள்ளி புள்ளியா, கோடு கோடா இருக்கே, யாருக்கு என்ன தகவல் அனுப்புற?"ன்னு கேட்டார். எங்க அண்ணனுக்கு வாய் திறக்கிற வரி சார்னு சொன்னேன். நம்பல. அப்பதான் உங்க ரெண்டாவது கடிதம் வந்தது. அதை எனக்கு முன்னாடி அவர்தானே படிச்சிருப்பார். அதுக்கப்புறம் அவர் என்னை ஒண்ணும் கேட்கல. தமிழ்ல எழுத்துக்கூட்டி எழுதிக் கொடு, அனுப்பிடறேன்னார்.

அதனால இது தமிழ்ல வருது. பழைய சிஸ்டம் சாகல. ஆள் முன் அறையிலதான் இருக்கார். வாசல் பலகையில அவர் பேர் விட்டுப்போச்சு, அவ்வளவுதான். எழுதிச் சேர்த்துடலாம்.

புது சிஸ்டத்துல 'சி எம் டி'ன்னு தேடுங்க. அதுமேல வலது பொத்தான், 'ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்'. கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம். அடிங்க: பி, சி, டி, பி, ஓ, ஓ, டி. கடைசி டி மட்டும் டீயில வர்ற டி. எல்லாம் சேர்த்து, நடுவுல இடைவெளி இல்லாம. இப்ப ஒரு இடைவெளி. அப்புறம் டி, அதை ஒட்டி ஒண்ணு மேல ஒண்ணா இருக்கிற ரெண்டு புள்ளி, அதை ஒட்டிப் பின்பக்கம் சாய்ஞ்ச கோடு. டி டிரைவுக்குள்ள சிஸ்டம் பேர்லயே ஒரு ஃபோல்டர் இருக்கும் பாருங்க, அந்தப் பேரை எழுத்து மாறாம அதோட ஒட்டி அடிங்க. என்டர். வெற்றிகரமா முடிஞ்சதுன்னு ஒரு வரி வரணும். அணைச்சுப் போடுங்க. பலகை வரும்.

அண்ணி, அடுத்ததை எப்படி எழுதறதுன்னு தெரியல.

உங்க கடிதத்தைப் படிச்சிட்டு ரெண்டு நாள் தையல் மெஷின்ல ஊசி ஊசியா உடைச்சேன். அண்ணன் மேல கோபம் வரும்னு பார்த்தேன், வரல. போஸ்ட்மார்ட்டம் டாக்டர் கோர்ட்டுல ஒண்ணு சொன்னார், ஞாபகம் இருக்கா? உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தா அந்த ஆள் பிழைச்சிருப்பார்னு. அந்த வார்த்தை என் காதுல விழுந்தது. அதை உள்ள விடக்கூடாதுன்னுதான் உங்க வார்த்தையைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருந்தேன். முன்விளக்கு உடைஞ்சிருந்ததுன்னு நீங்க சொன்னதா எனக்கு வலி? உடைச்சவன் நான். குடிச்சிருந்தேன். வண்டிக் கண்ணாடியில பார்த்தேன், கீழே கிடந்த சைக்கிள்காரர் கை அசைஞ்சது. வண்டியை நிறுத்தல.

இதை இதுவரைக்கும் வக்கீல்கிட்டகூட சொல்லல. தபால் படிக்கிற சார் படிப்பார், படிக்கட்டும்.

*

ஆகஸ்ட் 9

தம்பி,

பலகை வந்தது.

நீ எழுதினதை உரக்கப் படித்துக்கொண்டே ஒற்றை விரலால் அடித்தேன். முதல் தடவை சாய்ந்த கோட்டை மாற்றிப் போட்டுவிட்டேன், அது திட்டிவிட்டது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. அணைத்துப் போட்டேன். நீலத் திரையில் இரண்டு வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக. கீழே இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். பழைய சிஸ்டம், பழைய படம், நீ வைத்த அந்த அசிங்கமான மஞ்சள் பொத்தான். தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

விரலுக்கடியில் பொத்தானை வைத்தேன். முதலில் அவர் சொன்னது "அடேங்கப்பா". அதை எப்போது பதிவு செய்தீர்கள்? எனக்குத் தெரியவே தெரியாது. நானும் தையல்காரம்மாவும் சிரித்துச் சிரித்து, அப்புறம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

மூன்று நாள் அவர் பேசினார். உன் கடிதத்தை முழுதும் படித்துக் காட்டினேன், கடைசிப் பத்தியையும் சேர்த்து. அன்று மத்தியானம் முழுக்க அழுத்தினார். மூச்சு மெஷினோடு அழுத்துவது பெரிய வேலை. நடுநடுவே கண்ணை மூடிக்கொள்வார், சரி போதும் என்று பொத்தானை எடுக்கப் போனால் முறைப்பார். சொன்னது இதுதான்: "உன் மேல் கோபம் இல்லை. அந்த அம்மாவுக்கு எழுது. என்னிடம் சொன்னதை அங்கே சொல்." நான் வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அந்த அம்மா என்றது சைக்கிளில் போனவரின் மனைவியை.

வெள்ளிக்கிழமை தலையணை என்று சொல்ல ஆரம்பித்தார். 'தலை'யோடு விரல் நின்றுவிட்டது. எழுத்துகள் நகர்ந்துகொண்டே இருந்தன. நான் காத்திருந்தேன். வரிசை முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது, மறுபடியும் வந்தது. அவர் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோல.

இப்போது காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் பலகை ஒழுங்காகக் கேட்கிறது, எது வேண்டும் என்று. நான் மேலே இருப்பதைத்தான் அழுத்துகிறேன். கண்ணால் எழுத்தைப் பிடிக்க இப்போது நன்றாகவே பழகிவிட்டார். ஆனால் அந்தப் புது சிஸ்டத்துக்கென்று ஒரு குரல் இருக்கிறது பார், ஃபோனில் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று சொல்கிற பெண்ணைப் போல. அது பேசினால் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். தேவைக்குமேல் ஒரு சொல் பேசுவதில்லை. நேற்று முழுக்க மூன்றே சொல்.

மூச்சு நாளுக்கு நாள் குறைகிறது. மாதக் கணக்கெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உன்னால் முடிந்ததைச் செய்துவிட்டாய். இதற்குமேல் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி

*

ஆகஸ்ட் 17

அண்ணிக்கு,

அந்த அம்மாவுக்கு எழுதிட்டேன். இந்த வாரக் கடிதத்தை அதுக்குத்தான் செலவு பண்ணினேன். ஒரே பக்கம். மன்னிப்புன்னு கேட்கல, அதைக் கேட்க எனக்கு வாய் இல்ல. நடந்ததை நடந்தபடி எழுதினேன், கை அசைஞ்சதையும் எழுதினேன். அதைத் தெரிஞ்சுக்கிறது அவங்களுக்கு நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல. படிப்பாங்களோ, அடுப்புல போடுவாங்களோ, அவங்க இஷ்டம்.

இந்தக் கடிதம் கணக்குல சேராதது. தபால் படிக்கிற சார் தனியா அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

இப்ப வேலையைப் பேசுவோம். காப்பி எடுத்து அலமாரியில பூட்டின ஹார்டு டிஸ்க் இருக்குல்ல? அதைப் புது சிஸ்டத்துல சொருகி, 'குரல்' ஃபோல்டரை அங்க காப்பி போடுங்க. கண் கேமரா எழுதுற சொல்லை எடுத்து, அந்தப் பெண்ணுக்குப் பதிலா அண்ணனோட சொல்லை ஒலிக்க வைக்கிற மாதிரி ஒரு புது ப்ரோக்ராம் வேணும். பழையது நானூறு வரி. இங்க கம்ப்யூட்டர் கிடையாது, கேட்டுப் பார்த்தேன். அதனால தையல் பிரிவு நோட்டுல பென்சிலால எழுதிப் பார்த்தேன். அலங்காரம் எல்லாம் வெட்டி எறிஞ்சா எழுபது வரியில நிக்குது. கடிதத்துக்குப் பத்து வரிதான் பிடிக்கும், ஏன்னா ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல அது என்ன செய்யுதுன்னு தமிழ்ல எழுதணும், அது சாரோட நிபந்தனை. வாரத்துக்கு ரெண்டு கடிதம்னு பேசி வெச்சிருக்கார். ஆக மொத்தம் ஏழு கடிதம். நாலு வாரம்.

ஓட்டிப் பார்க்க முடியாம எழுதுறேன். தப்பு இருக்கும். எங்க தப்புன்னு நீங்க எழுதி, நான் திருத்தி, அது வந்து சேர இன்னும் ரெண்டு வாரம் ஆகலாம். ஆறு வாரம்னு வைங்க. டாக்டர் சொன்னதை நீங்க எழுதியிருக்கீங்க. எனக்கும் கணக்குத் தெரியும்.

வீணா நம்பிக்கை கொடுத்துடக் கூடாதுன்னு பயமா இருக்கு. அண்ணன்கிட்டயே கேளுங்க. ஆறு வாரம் ஆகும், வேலை செய்யாமலும் போகலாம்னு சொல்லிட்டுக் கேளுங்க, ஆரம்பிக்கட்டுமான்னு. அவர் வேண்டாம்னா விட்டுடறேன்.

முதல் பத்து வரியை இதோட வெச்சிருக்கேன். எழுதிட்டேன், கை நிற்கல.

*

ஆகஸ்ட் 25

தம்பி,

நீ சொன்னபடியே சொன்னேன். ஆறு வாரம், வேலை செய்யாமலும் போகலாம் என்று. மூச்சு மெஷினைக் கொஞ்சம் சரி செய்துவிட்டு, கேமராவை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி, ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டேன்.

வெகுநேரம் திரையைப் பார்த்தார். நடுவில் கண்ணில் நீர் வந்துவிட்டது, கேமரா தவறவிட்டது. துடைத்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்து மறுபடி ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்தார். கடைசியில் அந்தப் பெண்ணின் குரல்தான் சொன்னது. ஆனால் இந்தத் தடவை அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"சீக்கிரம்."

முதல் பத்து வரியை அடித்துவிட்டேன். ஏழாவது வரியில் அடைப்புக்குறி ஒன்றைத் திறந்திருக்கிறாய், மூடவில்லை. மூடிவிட்டேன். சரிதானா என்று எழுது. அடுத்த பத்தை அனுப்பு.

அண்ணி